மறைக்க வேண்டியதும் மறைக்கக் கூடாததும்



மென்பொருள் எழுதிப் பிழைக்கும் நாங்கள் இருவர் சேர்ந்து இக்கட்டுரையை எழுதுகிறோம். எங்களில் ஒருவர் நிரல் எழுதுபவர். மற்றவர் அதைச் சோதிப்பவர். ஒரே குழுவில் பல ஆண்டுகள் பணியாற்றியிருக்கிறோம். ஒரே பள்ளிவாசலில் ஜுமுஆ தொழுகிறோம். எங்கள் துறையின் மூத்த பேராசிரியர் ஒருவரது வாழ்க்கைப் பணியைப் பற்றிச் சொல்லவே எழுதத் தொடங்கினோம். ஆனால், நாங்கள் இட்ட கையொப்பம் ஒன்றைப் பற்றி முதலில் சொல்லாமல் அவரைப் பற்றிப் பேசுவது நேர்மையாகாது.

சில ஆண்டுகளுக்கு முன்பு ஒரு தொழிற்சாலைக்குச் சம்பளக் கணக்கு மென்பொருள் செய்து கொடுத்தோம். ஒப்படைக்கும் நாள் நெருங்கியபோது சோதனைப் பட்டியலில் ஆறு சோதனைகள் எஞ்சியிருந்தன. அவை நள்ளிரவைத் தாண்டி நீளும் மிகைநேரப் பணி, அதாவது ஓவர்டைம், பற்றியவை. "எல்லாம் சரியாகத்தான் இருக்கும். முடிந்ததாகக் குறித்துவிடுங்கள், அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம்" என்றார் மேலாளர். குறித்தோம். எழுதியவர் என்ற இடத்தில் ஒருவரும், சோதித்தவர் என்ற இடத்தில் மற்றவரும் கையொப்பமிட்டோம். அடுத்த வாரம் வேறு வேலை வந்தது. அந்த ஆறு சோதனைகளையும் மறந்துபோனோம்.

மூன்று மாதங்களுக்குப் பின் அத்தொழிற்சாலையின் வயது முதிர்ந்த தொழிலாளி ஒருவர் கணக்கர் முன் ஒரு சிறு குறிப்பேட்டை வைத்தார். பிற்பகல் ஷிப்டு முடிந்தபின்னும் தங்கி வேலை செய்த ஒவ்வோர் இரவின் மணிக்கணக்கையும் அவர் பென்சிலால் குறித்துவைத்திருந்தார். இரவு பன்னிரண்டு மணி வரையிலான கூலி வந்திருந்தது. அதற்குப் பிந்தைய மணிகளுக்கு வரவில்லை. எங்கள் நிரல் தேதி மாறியதும் அந்த மணிகளை மறுநாள் கணக்கில் சேர்க்க முயன்றது. மறுநாளில் அவர் உள்ளே வந்த பதிவு இல்லாததால் அவற்றை விட்டுவிட்டது. அந்த ஆறு சோதனைகளில் ஒன்றை நடத்தியிருந்தாலும் அது கண்ணில் பட்டிருக்கும்.

பிழை திருத்தப்பட்டது. பணியில் இருந்தவர்களுக்கு நிலுவை வழங்கப்பட்டது. ஆனால் அதற்குள் வேலையை விட்டுச் சென்றவர்கள் பதினான்கு பேர். "வந்து கேட்டால் தருவோம்" என்றது நிர்வாகம். தமக்குக் கூலி குறைந்தது என்றே அறியாதவர்கள் எப்படி வந்து கேட்பார்கள்? இது எப்படி நேர்ந்தது என்று எங்களிடம் கேட்டபோது, "சோதனையில் தப்பிய பிழை" என்று எழுதிக் கொடுத்தோம். சோதனையே நடக்கவில்லை என்று எழுதவில்லை. பொய்யை ஒருமுறை கையொப்பமாக இட்டோம். பிறகு அதையே விளக்கமாகவும் எழுதினோம்.

இந்நிலையில்தான் பேராசிரியர் டேவிட் பார்னாஸ் எங்களைப் பிடித்து நிறுத்தினார். நேரில் அல்ல, தம் எழுத்தின் வழியாக. கல்லூரியில் அவரை ஒரு தேர்வுக் கேள்வியாக மட்டுமே அறிந்திருந்தோம். அவரது முழு வாழ்க்கைப் பணியையும் தேடிப் படித்தது இந்தச் சம்பவத்துக்குப் பின்னர்தான்.

அவர் 1941 இல் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் உள்ள பிளாட்ஸ்பர்க்கில் பிறந்தவர். பிட்ஸ்பர்க் நகரின் கார்னகி தொழில்நுட்பக் கழகத்தில் மின்பொறியியல் பயின்று 1965 இல் முனைவர் பட்டம் பெற்றார். பின்னர் அமெரிக்கா, ஜெர்மனி, கனடா, அயர்லாந்து எனப் பல நாடுகளின் பல்கலைக்கழகங்களில் கற்பித்தார். மென்பொருள் எழுதுவதும் பாலம் கட்டுவதைப்போல ஒரு பொறியியலே, அதற்குரிய ஒழுங்கும் பொறுப்பும் அதற்கும் வேண்டும் என்பதே அவர் வாழ்நாள் முழுதும் வலியுறுத்திய கருத்து.

அவருக்குப் புகழ் தேடித்தந்தது 1972 இல் வெளியான ஒரு சிறிய ஆய்வுக்கட்டுரை. பெரிய மென்பொருளைப் பல கூறுகளாகப் பிரித்தே எழுத வேண்டும் என்பது அப்போதே யாவரும் அறிந்தது. எந்த அடிப்படையில் பிரிப்பது என்பதே அவர் எழுப்பிய கேள்வி. அதற்கு அவர் எடுத்துக்கொண்ட எடுத்துக்காட்டு ஓர் அகராதிப் பட்டியல். 'தொழுகையின் நேரங்கள்' என்று ஒரு நூல்தலைப்பு இருந்தால் அது 'தொழுகையின்' என்ற சொல்லின் கீழும் வர வேண்டும், 'நேரங்கள்' என்ற சொல்லின் கீழும் வர வேண்டும். இப்படி ஒவ்வொரு வரியையும் சுழற்றி, எல்லாவற்றையும் அகரவரிசையில் அடுக்கித் தரும் நிரல் அது.

வழக்கமான முறை, வேலை நடக்கும் வரிசைப்படி பிரிப்பது: முதலில் வாங்கு, பிறகு சுழற்று, பிறகு அடுக்கு, பிறகு அச்சிடு. இதில் ஒரு சிக்கல் உண்டு. வரிகளைக் கணினியின் நினைவகத்தில் எவ்விதம் சேமிப்பது என்ற ஒரு முடிவை மாற்றினால் எல்லாக் கூறுகளையும் திருத்த வேண்டிவரும். ஏனெனில் அந்த இரகசியம் எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. எல்லாரும் அதைச் சார்ந்திருக்கிறார்கள். பார்னாஸ் முன்வைத்த மாற்றுவழி இதுதான்: நாளை மாறக்கூடிய ஒவ்வொரு முடிவையும் ஒரு கூறுக்குள் பூட்டி வையுங்கள். பிற கூறுகளுக்கு அது என்ன தரும் என்பது மட்டும் தெரியட்டும்; எப்படித் தருகிறது என்பது தெரிய வேண்டாம். இதற்குத் 'தகவல் மறைப்பு' என்று பெயர். இன்று உலகெங்கும் எழுதப்படும் மென்பொருளில் இக்கொள்கையின் சுவடு இல்லாத இடம் அரிது.

ஆக, மறைப்பதைக் கற்பித்த ஆசிரியர் என்றே அவரை உலகம் அறிந்தது. மறைக்கக் கூடாதது எது என்பதை அவர் கற்பித்தது பதின்மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு.

1983 மார்ச் 23 அன்று அமெரிக்க அதிபர் ரீகன் தொலைக்காட்சியில் உரையாற்றினார். அணு ஏவுகணைகள் வந்து விழுமுன் அவற்றை வழியிலேயே அழித்து, அணு ஆயுதங்களையே வலுவிழக்கச் செய்யும் பாதுகாப்பை உருவாக்குமாறு அறிவியலாளர்களுக்கு அழைப்பு விடுத்தார். 'நட்சத்திரப் போர்' என்று நாளேடுகள் பெயரிட்ட திட்டம் அது. ஏவுகணைகளைக் கண்டறிந்து, போலிகளிலிருந்து பிரித்து, குறிவைத்துச் சுடும் பணி முழுவதையும் கணினிகளே நடத்த வேண்டும். அதற்கான மென்பொருள் குறித்து ஆலோசனை கூற 1985 இல் ஒரு நிபுணர் குழு அமைக்கப்பட்டது. கனடாவின் விக்டோரியா பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த பார்னாஸும் அழைக்கப்பட்டார். ஊதியம் நாளொன்றுக்கு 1,000 டாலர்.

இராணுவப் பணி என்றாலே ஒதுங்குபவர் அல்லர் அவர். அமெரிக்கக் கடற்படை ஆய்வுக்கூடத்துடன் பல ஆண்டுகள் பணியாற்றியவர். ஏ-7 போர்விமானத்தின் மென்பொருளைத் தம் கொள்கைப்படி மறுவடிவமைக்க முயன்ற குழுவை வழிநடத்தியவர். அம்மென்பொருள் செய்ய வேண்டியதை அட்டவணைகளாகத் துல்லியமாக வகுத்த ஆவணத்தை அக்குழு 1978 இல் வெளியிட்டது. அது இன்றும் மாணவர்களுக்கு முன்மாதிரியாகக் காட்டப்படுகிறது. எனவே 'இது அரசியல் எதிர்ப்பு' என்று அவரை எவரும் தள்ளிவிட இயலாது.

அழைப்பை ஏற்றுச் சென்றார், ஆராய்ந்தார், அவ்வாண்டு ஜூன் 28 அன்று விலகல் கடிதம் கொடுத்தார். விலகியதோடு நிற்கவில்லை. இந்த மென்பொருளை ஏன் நம்பத்தக்கதாக உருவாக்க முடியாது என்பதை எட்டுச் சிறு கட்டுரைகளாக எழுதி இணைத்தார். அவை அதே ஆண்டில் இதழ்களிலும் வெளிவந்தன.

அவர் கூறிய காரணங்களின் சாரம் எளிது. ஒரு பாலம் பத்து டன் பாரத்தைத் தாங்கினால் எட்டு டன்னையும் தாங்கும் என்று நம்பலாம். மென்பொருள் அத்தகையது அன்று. ஒரு நிலையில் சரியாக இயங்குவது அடுத்த நிலையிலும் சரியாக இயங்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. அது எடுக்கக்கூடிய நிலைகளோ எண்ணி மாளாதவை. அதனால்தான் பெரிய மென்பொருள் எதுவும் முதற்பயன்பாட்டிலேயே பிழையின்றி இயங்குவதில்லை. பயன்படுத்திப் பயன்படுத்தியே திருத்துகிறோம். ஆனால் இந்த அமைப்பின் முதல் உண்மையான சோதனையே அணுப்போர்தான். எதிரியின் ஏவுகணைகளும் போலிகளும் எவ்வாறு நடந்துகொள்ளும் என்பது முன்கூட்டித் தெரியாது. போர் நடக்கும் சில நிமிடங்களில் எவரும் பிழை திருத்தவும் முடியாது.

இரவு பன்னிரண்டு மணியைக் கூடச் சரியாகக் கடக்கத் தெரியாத ஒரு நிரலை எழுதிய எங்களுக்கு இந்த வரிகள் எப்படிப் பட்டிருக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

அவரைவிட எங்களைக் கலக்கியது அவருடைய துறையினர் சிலர் அவருக்குச் சொன்ன பதில். 1987 இல் எழுதிய மற்றொரு கட்டுரையில் அவரே அதைப் பதிவு செய்திருக்கிறார். திட்டம் சொன்னபடி வெற்றி பெறாது என்பதை அவர்களுள் பலர் மறுக்கவில்லை. பணம் எப்படியும் செலவாகத்தான் போகிறது, அதைக் கொண்டு நல்ல ஆய்வாவது நடக்கட்டுமே என்பதே அவர்கள் வாதம். பார்னாஸ் இதை ஏற்கவில்லை. பொறியாளரின் பொறுப்பு மேலதிகாரி சொன்னதைச் செய்வதோடு முடிவதில்லை. தன் செயலுக்குத் தானே பொறுப்பாளி. தன்னிடம் தரப்பட்ட பணி உண்மையான தேவையை நிறைவேற்றுமா என்று பார்ப்பதும் அவன் கடமை என்றார். எஞ்சிய குழு தன் பணியைத் தொடர்ந்து, வடிவமைப்பை மாற்றினால் அத்தகைய மென்பொருள் இயலக்கூடியதே என்று அவ்வாண்டு இறுதியில் அறிக்கை தந்தது. ரீகன் வருணித்த அந்தக் கவசம் கட்டப்படவே இல்லை. கணினித் துறையினரின் சமூகப் பொறுப்புக்கான ஓர் அமைப்பு நார்பர்ட் வீனர் பெயரில் விருது நிறுவியபோது, 1987 இல் அதை முதன்முதலில் பெற்றவர் பார்னாஸ்.

"எப்படியும் செலவாகத்தான் போகிறது." "எல்லாம் சரியாகத்தான் இருக்கும்." இரண்டும் ஒரே குரல் அல்லவா? நாம் ஒவ்வொருவரும் நம் அலுவலகத்திலும் கடையிலும் இக்குரலைக் கேட்டிருக்கிறோம்; சில வேளை நம் வாயிலிருந்தே கேட்டிருக்கிறோம்.

பார்னாஸ் நம் மார்க்கத்தின் சொற்களில் பேசியவர் அல்லர். ஆயினும் அவர் செய்தது சாட்சியம் அளித்தல் என்றே நாங்கள் புரிந்துகொள்கிறோம். தமக்கோ தம் பெற்றோருக்கோ உறவினருக்கோ பாதகமாயினும் நீதியில் நிலைத்து நின்று சாட்சி கூறுமாறு அந்நிஸா அத்தியாயம் நம்பிக்கையாளர்களைப் பணிக்கிறது. கடனையும் அதன் எழுத்துப் பதிவையும் பற்றி விரிவாகப் பேசும் அல்பகரா அத்தியாயமோ, சாட்சியத்தை மறைப்பவனின் உள்ளமே பாவம் சுமக்கிறது என்று எச்சரிக்கிறது. பதிவேட்டையும் உள்ளத்தையும் இறைமறை அடுத்தடுத்து வைத்துப் பேசுவதை நாங்கள் பலமுறை ஓதியிருந்தோம். சோதனைப் பட்டியலும் அத்தகைய ஒரு பதிவேடுதான் என்று ஒருநாளும் எண்ணியதில்லை.

நபி (ஸல்) அவர்கள் கடைவீதியில் ஒரு தானியக் குவியலைக் கடந்து சென்ற நிகழ்ச்சியை முஸ்லிம் கிரந்தத்தின் வழி நாம் அறிவோம். குவியலுக்குள் கையை நுழைத்தார்கள். விரல்களில் ஈரம் பட்டது. மழை நனைத்துவிட்டது என்றார் வணிகர். மக்கள் காணும்படி ஈரத்தை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்ட அண்ணலார், ஏமாற்றுபவர் தம்மைச் சார்ந்தவர் அல்லர் என்று கூறினார்கள். மழை பெய்தது அவ்வணிகரின் குற்றம் அன்று. ஈரத்தைக் கீழே வைத்ததே குற்றம். எங்கள் நிலையும் அதுவே. பிழை நேர்வது மனித இயல்பு. ஆறு சோதனைகள் எஞ்சியிருந்ததும்கூட ஈரமே. அதன்மேல் இரண்டு கையொப்பங்களைப் பரப்பி மூடியதுதான் நாங்கள் செய்த மோசடி.

இங்கேதான் பார்னாஸ் கற்பித்த இரண்டு பாடங்களும் ஒன்றோடொன்று பொருந்துகின்றன. மறைத்தல் எல்லாம் தீமை அன்று. பிறருடைய குறையை மறைப்பவரின் குறையை மறுமையில் அல்லாஹ் மறைப்பான் என்பது நபிமொழியின் கருத்து. வீட்டின் இரகசியமும் நோயாளியின் நிலையும் அண்டை வீட்டாரின் வறுமையும் மறைத்துக் காக்க வேண்டியவை. வெளியே சிதறினால் பலரைப் பாதிக்கும் ஒன்றை உள்ளே வைத்துக் காப்பது அமானிதம். மென்பொருளில் தகவல் மறைப்பும் அவ்வகையே. ஆனால் ஒருவர் நம்பி வாங்கும் பொருளின் குறையை அவரிடமிருந்தே மறைப்பது வேறு. விற்பவரும் வாங்குபவரும் உண்மை பேசி, குறையைத் தெளிவுபடுத்தினால் அவர்களது வியாபாரத்தில் பரகத் உண்டு. மறைத்தால் அது அழிக்கப்படும் என்பதும் நபிமொழியே. அளவையில் குறைப்போரைக் கண்டித்து ஓர் அத்தியாயமே அருளப்பட்டிருக்கிறது. இன்று அளவை பெரும்பாலும் மரக்காலிலோ தராசிலோ இல்லை. எங்களைப் போன்றோர் எழுதும் நிரலுக்குள் இருக்கிறது.

பார்னாஸ் மறுப்பதை மட்டும் தொழிலாகக் கொண்டவர் அல்லர் என்பதையும் சொல்ல வேண்டும். 1980களின் இறுதியில் கனடாவின் ஒன்டாரியோ ஏரிக்கரையில் டார்லிங்டன் அணுமின் நிலையம் இயக்கத்துக்கு ஆயத்தமானது. ஆபத்து நேரத்தில் அணு உலையை நிறுத்தும் அமைப்புகள் அங்கே மென்பொருளால் இயங்குபவை. அவற்றை நம்பலாமா என்று நாட்டின் அணுசக்திக் கட்டுப்பாட்டு வாரியம் அவரிடம் ஆலோசனை கேட்டது. 'முடியாது' என்று சொல்லிவிட்டு அவர் விலகவில்லை. சரிபார்க்கும் வழியை வகுத்துத் தந்தார். என்ன தேவை என்பதை ஒரு குழு அட்டவணையாக எழுதியது. நிரல் உண்மையில் என்ன செய்கிறது என்பதை வேறொரு குழு அட்டவணையாக எழுதியது. இரண்டும் ஒன்றே என்பதை மூன்றாவது குழு வரிவரியாக நிறுவியது. பெரும் முதலீட்டில் கட்டிய நிலையம் இதற்காகக் காத்திருந்தது. சரிபார்க்கும் வழி இருந்த இடத்தில் உழைத்தார். இல்லாத இடத்தில் இல்லை என்றார். இரண்டும் ஒரே நேர்மையின் இரு முகங்கள்.

பின்னர் ஹாமில்டன் நகரின் மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் மென்பொருள் பொறியியல் பட்டப்படிப்பை அமைத்து வழிநடத்தினார். மென்பொருள் எழுதுவோரும் உரிமம் பெற்ற பொறியாளர்களைப் போலத் தம் பணிக்குப் பொறுப்பேற்க வேண்டும் என வாதிட்டார். தாமும் ஒன்டாரியோவில் அவ்வுரிமம் பெற்றிருந்தார். ஆய்வுக்கட்டுரைகளின் எண்ணிக்கையை வைத்து ஆய்வாளரை மதிப்பிடும் வழக்கம் போலி உழைப்பையே வளர்க்கும் என்று 2007 இல் தம் சக பேராசிரியர்களுக்கே எதிராக எழுதினார். கனடாவில் பொறியியல் படித்து முடிப்போர் உறுதிமொழி எடுத்து, எழுதும் கையின் சுண்டுவிரலில் ஓர் இரும்பு மோதிரம் அணியும் மரபு 1925 முதல் உண்டு. தாளில் கையொப்பமிடும்போதெல்லாம் அது தாளில் உரசும். எங்கள் விரலில் மோதிரம் இல்லை. ஆனால் கையும் காலும் சாட்சி சொல்லும் ஒரு நாளை நம்புகிறவர்கள் நாம்.

அவரது விலகல் கடிதத்தைப் படித்த வாரம், நாங்கள் இருவரும் மேலாளரிடம் சென்று உண்மையைச் சொன்னோம். "முடிந்துபோன விஷயம், இப்போது எதற்கு?" என்றார். பதினான்கு பேருக்கு இன்னும் முடியவில்லை என்றோம். நடந்ததை நடந்தபடி எழுதித் தொழிற்சாலைக்கு அனுப்பினோம். அதனால் எங்கள் இருவருக்கும் அவ்வாண்டுப் பதவி உயர்வு இல்லாமல் போயிற்று. ரிஸ்க் அளிப்பவன் அல்லாஹ். அதில் எங்களுக்குக் குறை இல்லை. தொழிற்சாலை பெயர்ப்பட்டியலைத் தந்தது. உடன் வேலை பார்த்தவர்களிடம் விசாரித்து, விடுமுறை நாட்களில் ஊர் ஊராகச் சென்றோம். ஒன்பது பேரைக் கண்டோம். அவர்களது நிலுவை கிடைத்தது. அவர்களிடம் மன்னிப்பும் கேட்டோம். ஒருவர் சிரித்தார். ஒருவர் தேநீர் கொடுத்தார். ஒருவர், அந்த மாதங்களில்தான் மகளின் பள்ளிக் கட்டணத்துக்குக் கடன் வாங்கியதாகச் சொல்லிவிட்டு வேறொன்றும் பேசவில்லை.

ஐந்து பேரைக் காண முடியவில்லை. எங்கள் பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் கேட்டோம். அடியார்களின் உரிமை அவர்களிடமே தீர்க்கப்பட வேண்டியது என்றார். தேடியும் கிடைக்காவிட்டால் அத்தொகையை அவர்கள் பெயரால் தர்மம் செய்யுங்கள். என்றாவது வந்து கேட்டால் மீண்டும் கொடுக்க வேண்டும் என்ற நிய்யத்துடன் செய்யுங்கள் என்றார். அவ்வாறே எங்கள் கையிலிருந்து செய்தோம். தொழுகையும் நோன்பும் ஸகாத்துமாக மறுமைக்கு வந்து, பிறருடைய உரிமையைப் பறித்ததால் நன்மைகளை எல்லாம் இழந்து நிற்கும் திவாலானவனைப் பற்றி நபி (ஸல்) அவர்கள் எச்சரித்தது நினைவில் இருப்பதால், தர்மம் செய்தும் எங்கள் அச்சம் தீரவில்லை. இன்றும் தேடிக்கொண்டிருக்கிறோம்.

எங்கள் சோதனைப் பட்டியலில் இப்போது ஒரு புதிய கட்டம் உண்டு. 'நடத்தப்படாத சோதனைகள்' என்பது அதன் தலைப்பு. வாடிக்கையாளர் முதலில் காணும் இடத்தில் அதை வைத்திருக்கிறோம். அதை நிரப்பும் நாட்களில் சில சமயம் ஒப்படைப்பு தள்ளிப்போகிறது. கோபமான சொற்களும் வருகின்றன. ஈரம் மேலே இருக்கிறது, அது போதும்.

யா அல்லாஹ்! மறைக்க வேண்டியதை மறைக்கும் பண்பையும், மறைக்கக் கூடாததை எடுத்துரைக்கும் துணிவையும் எங்களுக்குத் தருவாயாக! எங்கள் கைகளால் குறைந்த கூலிகளை அவற்றுக்கு உரியவர்களிடம் சேர்க்க வழிகாட்டுவாயாக! அந்த ஐவருக்கும் அவர்கள் குடும்பத்தாருக்கும் அவர்கள் இழந்ததைவிடச் சிறந்ததை வழங்குவாயாக! ஆமீன்.